ஒரு நிலா, இரண்டு விரதம்: கொடைக்கானலில் தவக்காலம்

கிறிஸ்துமஸ் எப்பவும் டிசம்பர் 25. ஆனா ஈஸ்டர் மட்டும் வருஷா வருஷம் இடம் மாறும். அதோட தவக்காலமும் முன்னே பின்னே நகரும். ஏன்னு தேடிப் போனா, பழனி மலைத்தொடரில் இருப்பவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம் காத்திருக்கிறது.

மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி. அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இதுதான் திருச்சபையின் கணக்கு. (வானத்தைப் பார்த்துச் சொல்வதில்லை, அதற்கென்று ஒரு அட்டவணை உண்டு.) பங்குனி மாதம் சூரியன் மீன ராசியில் நிற்கும். பௌர்ணமியன்று சந்திரன் அதற்கு நேர் எதிரே, கன்னி ராசியில். உத்திர நட்சத்திரம் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால்தான் பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது.

ஆக, பல வருஷங்களில் ரெண்டு பேருக்கும் ஒரே நிலா. 2018-ல் பங்குனி உத்திரமும் புனித வெள்ளியும் ஒரே நாள், மார்ச் 30. கீழே பழனியில், கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீர் சுமந்து வந்த தீர்த்தக் காவடிகள். மேலே கொடைக்கானல் கோயில்களில் சிலுவைப்பாதையின் 14 நிலைகள். நிலா முன்கூட்டியே வந்துவிட்டால் ரெண்டும் பிரிந்துவிடும்: 2022-ல் உத்திரம் மார்ச் 18, ஈஸ்டர் ஏப்ரல் 17.

தேதி மட்டுமல்ல, வார்த்தைகளும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரிதான். தவக்காலம் தொடங்கும் நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் திருநீற்றுப் புதன். விபூதிப் புதன் என்றும் சொல்வார்கள். சீர்திருத்த சபையினருக்கு அது சாம்பல் புதன், காலம் லெந்து. போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல்தான் நெற்றியில் வைக்கப்படுகிறது. 7,000 அடி உயரக் கொடைக்கானலில் தென்னை வளராது. அங்கே ஓலையே கீழிருந்து மலையேறி வரணும்!

ஒருநாளைக்கு ஒருவேளை முழுச் சாப்பாடு என்பதற்குப் பெயர் ஒருசந்தி. முருகனுக்கு விரதம் இருப்பவரும் இதே வார்த்தையைச் சொல்வார். கறி, புலால் விலக்குவது சுத்தபோசனம். திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் ஆறு ஞாயிறைக் கழித்துவிட்டால் 40.

இந்த விரதத்துக்கும் கொடைக்கானலுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1860-களில் பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயி சேன் சீர் முயற்சியில் எழுந்தது சலேத் மாதா கோயில். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் லா சலேத் மலையில், மாடு மேய்த்த ரெண்டு பிள்ளைகளுக்கு அழுதபடி காட்சி தந்ததாக நம்பப்படும் மாதா இவர். அந்தப் பிள்ளைகள் சொன்ன செய்தியில் மாதாவின் மனக்குறைகளில் ஒன்று, தவக்காலத்திலும் ஜனங்கள் கறிக்கடைக்குப் போகிறார்கள் என்பது. அடுத்த கவலை, அழுகும் உருளைக்கிழங்கும் பொய்க்கும் கோதுமையும். கறிக்கும் பஞ்சத்துக்கும் என்ன சம்பந்தம்னு இன்றைக்குக் கேட்கத் தோணும். உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கும் கொடைக்கானல் மலைக்கிராமத்துக்காரருக்கு, கிழங்கு அழுகினா என்ன ஆகும்னு யாரும் விளக்கவே வேண்டாம்.

எனக்குப் படுவது இதுதான். பசி விதியாக வந்தால் பஞ்சம்; நாமே விரும்பி எடுத்துக்கொண்டால் விரதம். ஜெபம், உபவாசம், தர்மம் மூணையும் சேர்த்தே தவக்காலம் கேட்பதும் இதனால்தான். மிச்சம் பிடித்த ஒருவேளைச் சோறு பசித்தவன் தட்டுக்குப் போகலைன்னா அது வெறும் பத்தியம். பாதி மலையில் காவடிக்காரருக்கு மோர் கொடுக்கிறவருக்கும் இது தெரியும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும்.

அடுத்த பங்குனியில் நாட்காட்டியை எடுத்து உத்திரத்தையும் புனித வெள்ளியையும் ஒப்பிட்டுப் பாருங்க. எத்தனை நாள் தள்ளி வருதுன்னு எண்ணிப் பார்த்தா, நிலா போடும் கணக்கு தானாகப் புரியும்.