சோற்றுப் பார்சலின் வாசம்

“யானை புத்தியுள்ள மிருகம்தானே, பிறகு ஏன் ஷொப்பிங் பேக்கைத் தின்னுது?” சம்மாந்துறையிலிருந்து தரம் எட்டு மாணவி ஒருத்தி எழுதிக் கேட்டிருக்கிறாள். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் மேயும் படத்தைப் பார்த்தாளாம்.

அந்தக் குப்பை நம்முடையது. சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோர ஊர்கள் சேர்ந்து கொட்டியது. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. அதோடு எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் போய்விட்டன. செத்தவற்றை வெட்டிப் பார்த்த வனவிலங்கு வைத்தியர் நிஹால் புஷ்பகுமார, வயிற்றில் கண்டதாகச் சொன்னது பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், தண்ணீரும். யானை வழக்கமாகத் தின்னும் தீனி எதுவும் அங்கே இல்லை.

மகளே, புத்தி இருப்பதால்தான் தின்கிறது. யானையின் புத்தியில் பெரும்பங்கு மூக்கில் இருக்கிறது. ஆபிரிக்க யானையிடம் வாசம் பிடிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 2000 இருப்பதாக 2014இல் எண்ணிச் சொன்னார்கள். நமக்கு 400 அளவில்தான் உண்டு. தாய்லாந்தில் ஆசிய யானைகளுக்கு முன்னால் மூடிய இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதையை வைத்தார்கள். எதில் கூடுதலாக இருக்கிறது என்று மோந்தே கண்டுபிடித்தன. அப்படிப்பட்ட மூக்கு, சோறு சுற்றிய லன்ச் ஷீட்டைக் குப்பை என்று எப்படி ஒதுக்கும்?

ஐஸ்கிரீம் டப்பாவில் மீனாணம் போட்டு வைத்த எந்த வீட்டுக்கும் விஷயம் பாதி தெரியும். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் தேய்த்தாலும் மஞ்சள் போகாது. மறுநாள் மூடியைத் திறந்தால் மீன் வாசம் முகத்தில் அடிக்கும். அந்த டப்பாவும் பொலித்தீனும் ஒரே குடும்பம்.

பொலித்தீனை ஓர் இடியப்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இழையும் ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் கைகோத்து நிற்கும் சங்கிலி. சில இடங்களில் இழைகள் சீப்பால் வாரியதுபோல் நெருங்கி அடுக்கியிருக்கும், அங்கே ஒன்றும் நுழையாது. மற்ற இடங்களில் தாறுமாறாகச் சிக்கிக் கிடக்கும். சொதி இறங்குவது அந்தச் சந்துகளில்தான். ஆனால் இந்த இடியப்பம் தண்ணீரைச் சேர்க்காது, எண்ணெயைத்தான் சேர்க்கும். இழையில் இருப்பது காபனும் ஐதரசனும் மட்டும். தேங்காயெண்ணெய் மூலக்கூறின் நீண்ட வாலும் அதே இரண்டால் ஆனது. கறுவா, ஏலம், கறிவேப்பிலை வாசங்களும் எண்ணெயில் கரைகிறவை. ஆகவே சுடச்சுடச் சோற்றைச் சுற்றும்போது வாசம் தாளின் மேலே ஒட்டுவதோடு நிற்பதில்லை, தாளுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. மழை கழுவினாலும் போகாது. வெயில் ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கசிந்துகொண்டேயிருக்கும். நாம் அரை மணியில் தின்று முடித்த சோறு, யானைக்கு நாட்கணக்கில் அங்கே இருக்கிறது.

இடியப்பத்தை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். உண்மையான இடியப்ப இழை மாப்பொருள், அதாவது குளுக்கோசு மணிகள் கோத்த மாலை. இரண்டு மணிகளுக்கு நடுவே ஓர் ஒட்சிசன் அணு முடிச்சாக நிற்கும். எச்சிலிலுள்ள நொதியம் அந்த முடிச்சில் வெட்டும். புல்லின் செலுலோசிலும் முடிச்சு உண்டு, போட்ட விதம்தான் வேறு. யானையின் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணங்கிகளிடம் அதற்கேற்ற கத்தரி இருக்கிறது. அப்படியிருந்தும் தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே சாணியாகப் போகிறது. நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் அது தின்ன வேண்டியிருப்பதும் அதனால்தான். பொலித்தீன் இழையிலோ முடிச்சே இல்லை. காபனுக்கு அடுத்தது காபன், அதற்கடுத்ததும் காபன். கத்தரிக்குக் கடிக்க இடமில்லாததால் பை பையாகவே குடலில் இறங்கி, நாரோடு முறுகிக் கயிறாகி அடைக்கிறது. வயிறு நிறைந்திருக்கும், உடம்பில் ஒன்றும் சேராது. கடைசியில் தன் உடம்பின் பாரத்தையே தாங்க முடியாமல் யானை சாய்ந்துவிடும்.

‘பிளாஸ்டிக் தின்னும் பக்டீரியா வந்துவிட்டது’ என்ற செய்தியை நம்பி யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். ஜப்பானியர் 2016இல் அறிவித்த பக்டீரியா தின்பது தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை. அதில் ஒட்சிசன் முடிச்சு உண்டு, பையில் இல்லை. பையைத் துளைக்கும் மெழுகுப்புழு 2017இல் செய்தியானது. அது ஆய்வுகூடத்துச் சங்கதி, பள்ளக்காட்டில் நிற்பது மலை. ‘மக்கும் பை’ என்று விற்பவற்றிலும் பல, 60 பாகை அளவில் சூடேறும் உரக்குவியலில்தான் ஒழுங்காக மக்கும். யானையின் வயிற்றில் அந்தச் சூடு கிடையாது.

பொலித்தீனுக்கு வரலாறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனியில் தற்செயலாகக் கிடைத்த மெழுகு போன்ற பொருள் இது. 1960களில் சுவீடனின் செலோபிளாஸ்ட் கம்பனி அதற்குக் கைபிடி வைத்துப் பையாக்கியது. நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்ததுதான். பை இலவசமானது. வெறுங்கையோடு கடைக்குள் போனவரும் நினையாததையெல்லாம் வாங்கித் தூக்கிவர முடிந்தது. கடைக்காரருக்கும் பை செய்கிறவருக்கும் அதில் இலாபம் இருந்தது. உமலோடு சந்தைக்குப் போன வழக்கம் ஒரே தலைமுறையில் போயிற்று. அந்த இலவசத்தின் விலை எந்தப் பில்லிலும் ஏறவில்லை, பள்ளக்காட்டில்தான் ஏறியது.

2025 நவம்பர் 1 முதல் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. போன கிழமை நான் வாங்கிய பார்சலிலும் சோற்றுக்குக் கீழே பளபளவென்று ஒரு தாள் இருந்தது. யானையைத் தடுக்கும் காவலும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008 அளவில் உண்டான பள்ளக்காட்டுக் குப்பைமேட்டைச் சுற்றி மின்வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, திருத்தப்படவேயில்லை.

குப்பைமேட்டோரம் காய்ந்து கிடக்கும் யானைச் சாணியை ஒரு தடியால் கிளறிப் பார்த்தேன். புல்நார், ஒரு பிஸ்கட் உறை, பிறகு சிவப்பு ஷொப்பிங் பேக் ஒன்று. யாரோ கடைக்காரர் ஆணம் சிந்தாமலிருக்க இறுக்கிப் போட்ட முடிச்சு அதில் அவிழாமலே இருந்தது.