தையல் போடுவதற்கு முன்பே முடிவாகிறது

வார்டில் தொடங்குவதல்ல

குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, வயிற்றுத் தையலில் சீழ் கோத்துக்கொண்டால், "இன்னும் நாலு நாள் ஆன்டிபயாடிக் போட்டிருக்கலாமே" என்றுதான் வீட்டார் ஆதங்கப்படுவார்கள். ஆனால் தொற்றுக்கான வித்து பெரும்பாலும் தியேட்டரிலேயே விழுந்துவிடுகிறது. பெருங்குடலை வெட்டி இணைக்கும்போது அதற்குள் இருக்கும் ஈ.கோலை, பாக்டீராய்டிஸ் போன்ற கிருமிகள் கீறலின் ஓரங்களில் படிகின்றன. மருந்து அந்த நேரத்தில் தசையிலும் கொழுப்பிலும் ஊறியிருந்தால்தான் பலன். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கீறலுக்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொன்னது. ஆபரேஷனுக்குப் பிறகு தடுப்புக்காக அதை நீட்டிக்க வேண்டாம் என்றும் சொன்னது. நீட்டித்தால் தொற்று குறைவதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளர்கின்றன.

உடம்புச் சூடும் கையுறையும்

குடலே கிருமிக் கிடங்காக இருக்கும்போது தொற்றைத் தவிர்க்க முடியுமா என்று கேட்கலாம். கிருமி விழுவதை முழுக்கத் தடுக்க முடியாது. விழுந்ததை உடம்பு கொல்லவிடலாம். 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரில் ஒரு பாதியினரின் உடல் சூட்டைக் குறையாமல் காத்தார்கள். அவர்களில் 6 சதவீதத்தினருக்கும், உடல் குளிர்ந்துபோன மற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் புண்ணில் தொற்று வந்தது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, கீறலுக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. அது இல்லாமல் வெள்ளணுக்களால் கிருமியைக் கொல்ல முடியாது. வெப்பக் காற்றுப் போர்வை போன்ற ஒரு சாதாரண ஏற்பாடு இவ்வளவு செய்கிறது! இந்தியா உட்பட 7 நாடுகளில், 13,000-க்கும் மேற்பட்ட வயிற்று ஆபரேஷன்களில் நடந்த ஆய்வு 2022-இல் வந்தது. வயிற்றை மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றியபோது தொற்று 18.9-இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. நூற்றுக்கு மூன்று பேர் அற்பம் என்பவர்கள், புண் ஆறாமல் கீமோதெரபி தள்ளிப்போகும் நோயாளியை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், அறிவுக்குப் பொருந்துகிற எல்லாமே பலன் தருவதில்லை: கீறலின் ஓரத்தை மூடிக் காக்கும் உறையை 760 பேரிடம் பிரிட்டனில் சோதித்தபோது வித்தியாசமே தெரியவில்லை.

நோயாளி கையில் இருப்பது

ஆபரேஷன் தேதி குறித்ததுமே புகையை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் நோயாளியின் பங்கு. முந்தைய இரவு வயிற்றில் பிளேடால் முடி மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டுவார்கள். வீடு திரும்பிய பிறகும், 30 நாள் வரை, தையலைச் சுற்றிச் சிவப்போ சூடோ நாற்றமுள்ள நீரோ காய்ச்சலோ தெரிந்தால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், மீந்த மாத்திரையை விழுங்காமல், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.