புதையல் மலைக்கு வந்த படைகள்

2014-ல் வெளிவந்த 'ஹாபிட்' படவரிசையின் மூன்றாம் பாகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். மலைக்குள்ளே பொற்குவியல். அதைக் காத்துக் கிடந்த டிராகன் செத்ததும், ஐந்து படைகள் மலையடிவாரத்தில் மோதுகின்றன. 'வெள்ளைக்காரன் கட்டிய கதைதானே' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வளமான மலைக்காகப் பல படைகள் மோதிய கதை எங்கள் கொல்லிமலைக்கும் உண்டு. அதைச் சொல்வது சங்க இலக்கியம்!

அன்று கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். படத்தில் வரும் குள்ளர் அரசன் தோரின் வாக்குத் தவறி, பொன்னில் பங்கு தர மறுக்கிறான். ஓரியோ கடையேழு வள்ளல்களில் ஒருவன். அவன் கொடுத்ததில் வயிறு நிறைந்த பாணர்கள் ஆடவும் பாடவும் மறந்து போனார்களாம்!

அப்புறம் ஏன் போர்? திருக்கோவலூர்க் காரியைத் தகடூர் அதிகமான் தோற்கடித்தான். காரி சேரனோடு சேர்ந்தான் என்று அறிஞர்கள் நிகழ்ச்சிகளைக் கோத்துச் சொல்கிறார்கள். காரி ஓரியைக் கொன்று, பலா மரங்கள் நிறைந்த கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. காரி தெருவில் நுழைந்தபோது ஊரே அலறியதை நற்றிணை சொல்கிறது. அதோடு முடியவில்லை. அதிகமானோடு சோழ பாண்டியரும் சேர்ந்து நிற்க, பெருஞ்சேரல் இரும்பொறை அவர்களைக் கொல்லிக் கூற்றத்திலேயே வென்றான் என்கிறது பதிற்றுப்பத்து. பிறகு தகடூரும், அதாவது இன்றைய தருமபுரியும், வீழ்ந்தது.

இத்தனை படைகளும் இங்கே பொன்னுக்கா வந்தன? அகநானூறு கொல்லிக்குச் சொல்லும் பெருமைகளில் ஒன்று பலா. கவனியுங்கள் தோழர்களே, மலையை வென்ற காரி அதை வைத்துக்கொள்ளவில்லை. மலையில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவுமில்லை.

நான் பிறந்தது எடப்புளி நாடு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இன்று எங்கள் மலைக்குப் படை வருவதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி லாரிதான் வருகிறது. "பலாவும் மிளகும் நம்ம காட்டுல வெளையுது, வெலை மட்டும் கீழ இருந்து வருது" என்பார் அப்பா. மலையை வெட்டி எடுத்த பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் ஜவ்வரிசி ஆலைக்காக மரவள்ளி ஏறியது. சாமை குறைய இன்னொரு காரணம், உரலில் இடித்து உமி நீக்கும் பாடு. அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கு வந்து சிறுதானியத்தைக் காக்கும் பணியைத் தொடங்கியது. உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் வந்தன.

இயந்திரவியல் படிக்கும் எனக்கு இதில்தான் அக்கறை. சாமையை அரிசியாக்கி, மிளகைத் தரம் பிரித்து, பலாவைப் பதப்படுத்தி மலையிலேயே விற்றால், விலை சொல்லும் வாய் நம்முடையதாகும். அதற்கு வில் வேண்டாம்; நம் ஒர்க்‌ஷாப்பில் கற்கும் தொழில் போதும். ஓரியின் சிலை செம்மேட்டில் நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடியில் அரசு விழாவும் நடக்கிறது. வாருங்கள் தோழர்களே, பார்த்துவிட்டுப் போகலாம். போகும்போது மிளகை மட்டும் எங்கள் ஆட்களிடமே வாங்கிக்கொண்டு போங்கள்!