வளைந்து கொடுக்கும் மூட்டு

கட்டடம் வலுவாக இருக்கவேண்டுமானால் அதன் மூட்டுகள் கொஞ்சமும் அசையக்கூடாது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பூகம்பம் கற்பித்த பாடம் வேறு.

1994-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அதிகாலை 4-31 மணி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நார்த்ரிட்ஜ் வட்டாரத்தைப் பூகம்பம் உலுக்கியது. அதன் அளவு 6.7. உருக்குச் சட்டங்களால் எழுப்பிய மாடிக் கட்டடங்கள் விழாமல் நின்றன. வெளிப் பார்வைக்குப் பெரிய சேதமும் தெரியவில்லை. பிறகு, மூட்டுகளை மூடியிருந்த பூச்சை அகற்றிப் பார்த்த நிபுணர்கள் திடுக்கிட்டார்கள். தூணும் உத்திரமும் சேருமிடத்தில், பற்றவைத்த பகுதிகள் விரிசல் கண்டிருந்தன. இவ்விதம் 100-க்கும் மேற்பட்ட கட்டடங்கள்!

காரணம் என்ன? அதிர்ச்சியை உத்திரம் வளைந்து ஏற்கும் என்பது கணக்கு. ஆனால் விறைப்பான மூட்டிலேயே பளு முழுதும் குவிந்தது. வளைவதற்கு முன்பே பற்றவைப்பு 'படக்'கென்று பிளந்துவிட்டது.

போல்ட் முடுக்கிய, சற்றே நெகிழும் மூட்டின் போக்கு வேறு. ஊஞ்சலுக்கு ஒரு வீச்சுக் காலம் உண்டல்லவா? கட்டடத்துக்கும் உண்டு. மூட்டு நெகிழ்ந்தால் கட்டடம் நிதானமாக ஆடும். பூமியின் வேகமான குலுக்கலோடு சேர்ந்து ஆடாது. ஆகவே அதன்மேல் விழும் விசை பெரும்பாலும் குறையும். போல்ட்டுகள் உராய்வதில் ஆட்டத்தின் சக்தியும் வெப்பமாகக் கழியும்.

அதற்காக மூட்டை மட்டுமீறித் தளர்த்திவிடலாமா? கூடாது! மாடிகள் அளவுக்கு மேல் சாய்ந்தால் சுவர் வெடிக்கும், கண்ணாடி நொறுங்கும், தூணுக்கே ஆபத்து வரும். பூமியே நிதானமாக ஆடினாலோ, நெகிழ்வே வினையாகும். 1985-ல் மெக்ஸிகோ நகரத்தில் நடந்தது இதுதான். மென்மையான களிமண் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஆடியது. அதே கதியில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்களே மிகுதியாக அழிந்தன.

நார்த்ரிட்ஜுக்குப் பின் நடந்த ஆராய்ச்சியில் ஒரு விசித்திரமான பரிகாரம் பரவியது. மூட்டுக்குச் சற்றுத் தள்ளி, உத்திரத்தின் மேல், கீழ்ப் பட்டைகளை இருபுறமும் வளைவாகக் குறுக்கினார்கள். என்ஜினீயர்கள் இதற்கு இட்ட செல்லப்பெயர் 'நாயெலும்பு'! வளைவு அங்கே நிகழும், மூட்டு தப்பும்.

வீடு வாங்குகிறவர்கள் தரையையும் வர்ணத்தையும் தட்டிப் பார்க்கிறார்கள். பூச்சுக்குள் மறைந்திருக்கும் மூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. உயிரைக் காப்பது அதுவன்றோ!