படபடப்பு என்னும் ஒரே சொல்

“நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.” எங்கள் இதயநோய்ப் பிரிவுக்கு வருவோர் பலரும் கூறும் முதற்சொல் இது. சொல் ஒன்றே, அதன் பின்னுள்ள கோளாறுகள் பல. மிகுதியாக அச்சுறுத்துவது பெரும்பாலும் தீங்கற்றதாக இருப்பதையும், சிறிதும் உணரப்படாதது பெருங்கேடு விளைப்பதையும் நாங்கள் தொடர்ந்து காண்கிறோம்.

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுவில்தான் துடிப்புக்குரிய மின்தூண்டல் பிறக்கிறது. ஓய்வுநிலையில் அது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை நிகழும். சில வேளை ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். அடுத்த இடைவெளி நீளும். அதன்பின் வரும் துடிப்பு வலுவாக இருப்பதால், இதயம் நின்று உதைத்தது போலத் தோன்றும். இதயம் நலமாக இருப்பவருக்கு இதற்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை.

வேறு சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலான மின்பாதை ஒன்று அமைந்திருக்கும். துடிப்பு திடீரென 150-க்கும் மேல் ஏறி, திடீரென அடங்கும். அடங்கியபின் எடுக்கும் இ.சி.ஜி. இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், ‘மனப்பதற்றம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இவர்களுள் உண்டு. குழல்வழிச் சிகிச்சையால் அப்பாதையை நீக்கினால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர்.

எங்களுக்குக் கவலை தருவது மேலறை நடுக்கம். மேலறைகள் முறையாகச் சுருங்காமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். நாடி ஒழுங்கின்றி ஓடும். பலர் இதை உணர்வதேயில்லை. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்கி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேர்கிறது. அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காகிறது. முதுமையிலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் வரும் இக்கோளாறு, இளமையில் கண்ட ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு நடுவயதிலேயே வந்துவிடுகிறது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து படபடப்பைத் தணிப்பதற்கன்று, பக்கவாதத்தைத் தடுப்பதற்கே. “இப்போது ஒரு தொந்தரவும் இல்லையே” என்று அதனை நிறுத்தியவர்கள், சில மாதங்களில் கைகால் விழுந்த நிலையில் தூக்கிவரப்படுவதைக் கண்டு நாங்கள் வருந்தியதுண்டு. வார்ஃபரின் உட்கொள்வோருள் பெரும்பாலோர்க்கு ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையே இருத்தல் வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியோர்க்கு இது மாறுபடலாம். கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே அளவாக உண்டால் போதும். வலி மாத்திரைகளைக் கேளாமல் வாங்காதீர்கள். பல் பிடுங்குவதற்காகக்கூட, எங்களைக் கலந்துகொள்ளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

துடிப்பு மிகவும் மந்தமாகி மயக்கம் வருவோருக்குப் பேஸ்மேக்கர் துணைநிற்கும். படபடப்புடன் மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ நேரின், அல்லது முகம் கோணிப் பேச்சுக் குழறினால், சிறிதும் தாமதியாது 108-ஐ அழையுங்கள்.

இவையேதுமின்றிப் படபடப்பு மட்டும் வந்தால், மணிக்கட்டில் விரல்வைத்து, நாடி சீராக உள்ளதா, தாறுமாறாக உள்ளதா என்று உடனிருப்பவர் பார்த்து, நேரத்துடன் எழுதிவைக்கலாம். அடங்குவதற்குள் அருகிலுள்ள மருத்துவமனையில் ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அப்போது எடுத்த ஒரு தாள், அடங்கியபின் எடுக்கும் பத்துத் தாள்களைக் காட்டிலும் எங்களுக்குப் பயன்படும். அந்தத் தாள் நாளடைவில் மங்கிவிடும். அன்றே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.