மலைப்பாதையில் இறங்கும் காருக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

திருப்பதியிலும் சித்தூரிலும் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களில் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை கார்கள்தான். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஐக்கான், ஃபியஸ்டா, திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர் ஆகியவற்றின் மேல் வாலிபர்களுக்கு இன்னும் மோகம் தீரவில்லை. நான்கு கதவு, குடும்பத்துக்குப் போதுமான இடம், மிதித்தால் சீறிப் பாயும் எஞ்சின். புதுக் காரின் விலையில் ஒரு சிறு பங்குக்கு இத்தனையும் கிடைக்கிறதென்றால் ஆசை வராமல் என்ன செய்யும்?

வாங்கிய சில மாதங்களில் சங்கடம் ஆரம்பிக்கிறது. பள்ளத்தில் 'டொக் டொக்' என்று சத்தம். பிரேக் பிடித்தால் மூக்கு தரையைத் தொடுவதுபோல் குனிகிறது. மெக்கானிக்கிடம் போனால், "சார், நாலு ஷாக்கும் போச்சு. ஒரிஜினல் போடவா, லோக்கல் போடவா?" என்கிறார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் அநேகம்.

ஷாக் அப்சார்பரின் வேலை

காரின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இராது. ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. குழாய்க்குள் இருக்கும் எண்ணெய், பிஸ்டனில் உள்ள சிறு துவாரங்கள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறி வெளியேறுகிறது.

ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டால் டயர் தரையில் பதியாமல் துள்ளும். துள்ளுகிற டயரைப் பிரேக் பிடித்து என்ன பிரயோசனம்? வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். ஆகவே இது உட்கார்ந்து போகிறவரின் சௌகரியத்தோடு முடிகிற விஷயமல்ல.

திருமலைக்குக் காரில் போய் வருகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். சுமார் 2,800 அடி உயரத்திலிருந்து இறங்குவதற்கு உள்ளது 1944இல் திறக்கப்பட்ட பழைய பாதை. கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 36. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்க வேண்டும், திருப்ப வேண்டும். எடை முழுவதும் முன் சக்கரங்களின் மேல் விழும். பின் சீட்டில் வயதான தாயாரும் குழந்தைகளும் இருக்கும்போது தளர்ந்த ஷாக்கோடு அந்தப் பாதையில் இறங்குவது வீண் அபாயம்.

வீட்டிலேயே பார்க்கலாம்

மெக்கானிக்கிடம் போகுமுன் நாமே சோதித்துப் பார்க்கலாம். காரின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்திச் சட்டென்று விட வேண்டும். எழுந்து உடனே அமைதியானால் நல்லது; இரண்டு மூன்று முறை ஆடினால் சந்தேகமே வேண்டாம். அடுத்து, ஷாக்கின் உடம்பைப் பார்க்க வேண்டும். லேசான ஈரப்பசையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். டயரைக் கையால் தடவும்போது அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பதும் ஓர் அறிகுறி.

ஆனால் சத்தம் மட்டும் கேட்டால் ஷாக்கைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள ரப்பர் மவுண்ட், ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவை தேய்ந்தாலும் அதே சத்தம் வரும். சில நூறு ரூபாய் ரப்பர் தீர்க்கக்கூடிய வியாதிக்குப் பல ஆயிரம் செலவழிக்க வேண்டாம்.

எதை வாங்குவது?

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை எண்ணெய் மட்டும் உள்ளது. மெத்தென்று ஓடும், விலை குறைவு. ஆனால் தொடர்ந்து வேலை கொடுத்தால் எண்ணெயில் நுரை கட்டிப் பிடிமானம் குறையும். இரண்டாவது வகை, எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவும் அடைத்த இரட்டைக் குழாய் ஷாக். வாயுவின் அழுத்தம் நுரையைத் தடுக்கிறது. மூன்றாவது, உயர் அழுத்த வாயு கொண்ட ஒற்றைக் குழாய். உஷ்ணத்தை நன்றாக வெளியேற்றும். வேகப் பிரியர்கள் விரும்புவது இதைத்தான். ஜெர்மனியின் பில்ஸ்டீன் இதில் பெயர் பெற்றது. ஹாலந்தின் கோனி, கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஷாக்குகளுக்குப் பிரசித்தம்.

அலுவலகம், சந்தை, மாதம் ஒரு முறை ஊர்ப் பயணம், வருஷத்தில் சில தடவை திருமலை என்று ஓடும் காருக்கு வாயு அடைத்த இரட்டைக் குழாய் ஷாக்கே போதும். கார் தயாரானபோது எந்த ரகம் இருந்ததோ, அதே அளவில் நல்ல கம்பெனிப் பொருளாக வாங்குவது உத்தமம். 1961இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவும், ஜப்பானின் கயாபா போன்ற கம்பெனிகளும் பல கார்களுக்குச் செய்கின்றன. நம் காருக்கு உரியது உண்டா என்று பார்ட் நம்பரை வைத்துக் கேட்க வேண்டும்.

'ஸ்போர்ட்ஸ்' என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கடினமான ஷாக் போட்டுவிட்டு ஸ்பிரிங்கைப் பழையதாகவே விட்டால், குண்டும் குழியுமான தெருவில் முதுகெலும்புக்குத்தான் தண்டனை. காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டுவது அதைவிட மோசம். ஷாக் தன் நடுநிலையை இழந்து அடிமுட்டி, சீக்கிரமே செத்துப்போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் நிறுத்தியும் விட்டது. இத்தகைய கார்களுக்கு உதிரி பாகம் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் போகிறவர்கள், பழைய ஷாக்கில் எண்ணெய் மாற்றிப் பெயிண்ட் அடித்ததைப் புதிதென்று வாங்கி ஏமாறக்கூடும். பெட்டி, அதில் உள்ள நம்பர், ஷாக்கில் பொறித்த நம்பர் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். சாதாரண ஃபியஸ்டாவுக்கு உரியது, இறுக்கமான சஸ்பென்ஷனோடு வந்த '1.6 எஸ்' ரகத்துக்குப் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்டிவிடக் கூடாது.

மாட்டும்போது

ஷாக்கை ஒருபோதும் ஒற்றையாக மாற்றக் கூடாது. முன்னால் இரண்டும் சேர்த்து, அல்லது பின்னால் இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். பணம் போதாவிட்டால் இந்த மாதம் ஒரு ஜோடி, அடுத்து ஒரு ஜோடி என்று செய்யலாம். முன் ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே தலை மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், புழுதி உறை ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிட்டால் இரண்டாம் முறை கூலி மிச்சம். பிறகு வீல் அலைன்மென்ட் அவசியம். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, மிச்சம் பிடித்த பணத்தைத் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும். அதற்குரிய கம்ப்ரெஸர் கருவி இல்லாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாமே கழற்றிப் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம்.

புது ஷாக் போட்டதும் நேரே மலை ஏறிவிடாமல், சித்தூர் சாலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்வது நல்லது. பிறகு குடும்பத்தோடு தரிசனத்துக்குப் போகலாம். இறங்கும்போது மட்டும் தாழ்ந்த கியரில் நிதானமாக வாருங்கள். எத்தனை விலையுள்ள ஷாக் போட்டாலும் அவசரக்காரரை அதனால் காப்பாற்ற முடியாது.