ஹவ்மெட் டிஎக்ஸ்

ஹவ்மெட் டிஎக்ஸ் என்பது 1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட சோதனைப் பந்தயத் தானுந்து ஆகும். வழக்கமான பிஸ்டன் எஞ்சினுக்குப் பதிலாக வளிமச் சுழலி எஞ்சினில் இது இயங்கியது. சுழலி எஞ்சினுடன் பந்தயம் ஒன்றை வென்ற முதல் தானுந்து இதுவாகும். 'டிஎக்ஸ்' என்பது 'டர்பைன் எக்ஸ்பெரிமென்டல்' என்பதன் சுருக்கம்.

உருவாக்கம்

பந்தய ஓட்டுநர் ரே ஹெப்பன்ஸ்டால் இத்திட்டத்தை முன்னெடுத்தார். சுழலி எஞ்சின்களுக்கான உலோக வார்ப்புகளைத் தயாரித்து வந்த ஹவ்மெட் நிறுவனம் தன் தொழிலுக்கு விளம்பரமாகும் எனக் கருதி நிதியளித்தது. பாப் மெக்கீயின் பட்டறையில் இரண்டு தானுந்துகள் உருவாயின. எஞ்சின்களை வழங்கிய கான்டினென்டல் நிறுவனம், இராணுவ உலங்கு வானூர்திக்காக அவற்றை வடிவமைத்திருந்தது. சுமார் 77 கிலோகிராம் மட்டுமே எடைகொண்ட எஞ்சின் ஏறக்குறைய 330 குதிரைத்திறனைத் தந்தது.

இயங்கும் முறை

எஞ்சினில் எரிபொருள் எரிந்து உண்டாகும் சூடான வளிமம், சக்கரங்களை இயக்கும் சுழலியைச் சுழற்றும். தொடக்கத்திலேயே அதிக முறுக்குவிசை கிடைத்ததால் பல நிலைப் பற்சக்கரப் பெட்டி தேவைப்படவில்லை. ஆனால் சுழலி எஞ்சின் முடுக்கிக்கு உடனே பணியாது. ஓட்டுநர் காலை எடுத்த பின்னும் விசை குறையத் தாமதமாகும். இதைச் சமாளிக்க, வளைவுகளில் வளிமத்தின் ஒரு பகுதியைச் சுழலிக்குச் செல்லாமல் வெளியேற்றும் தடுக்கிதழ் பொருத்தப்பட்டது. அந்தத் தடுக்கிதழ் சரியாகத் திறக்காவிட்டால் வேகம் குறையாமல் வளைவில் விபத்து நேரும்.

பந்தயங்கள்

1968 டேடோனா 24 மணிநேரப் பந்தயத்தில் அதுவே நிகழ்ந்தது. தானுந்து சுவரில் மோதி விலகியது. பின்னர் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லிலும் மார்ல்பரோவிலும் வெற்றி கிடைத்தது. ஜூலையில் நடந்த வாட்கின்ஸ் கிளென் 6 மணிநேரப் பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்றது. செப்டம்பரில் நடைபெற்ற லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் இரு தானுந்துகளும் நிறைவுசெய்யவில்லை. ஒன்று போதிய தொலைவை ஓடாததால் நீக்கப்பட்டது, மற்றொன்று விபத்துக்குள்ளானது.

பின்னாளில்

அந்த ஆண்டுடன் ஹவ்மெட் பந்தயங்களிலிருந்து விலகியது. 1970 இல் டாலடேகா ஓடுதளத்தில், சுழலி வாகனங்களுக்கான உலக வேகச் சாதனைகள் சிலவற்றை இத்தானுந்து நிகழ்த்தியது. சுழலி எஞ்சின் பந்தயத்தில் வெல்லும் என்பதை டிஎக்ஸ் மெய்ப்பித்தது. அதை வளைவுகளில் கட்டுப்படுத்துவதே பெருஞ்சவால் என்பதையும் அதுவே காட்டியது.